பின்னலைக் காப்பாற்றுங்கள்: ஆஃப்-ரோடு வண்டியின் ஆன்டெனா கேபிளுக்குக் கனெக்டர் பொருத்தும் முறை

வண்டியில் பேசவும் கேட்கவும் வைக்கும் இருவழி ரேடியோவுக்கு, இரண்டு முனையிலும் கனெக்டரோடு தயாராகவே ஆன்டெனா கேபிள் கிடைக்கிறது. பிறகு ஏன் நாமே பொருத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்? கேபிளை வண்டிக்குள் இழுக்கத் தொடங்கியதுமே காரணம் புரிந்துவிடும். கேபிளின் தடிமன் 5 மி.மீ. அதன் நுனியில் உள்ள பி.எல்-259 கனெக்டரின் தடிமனோ சுமார் 18 மி.மீ. எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகட்டில் கேபிள் மட்டும் நுழைய 7 அல்லது 8 மி.மீ. துளையும் அதன் ஓரத்தில் பொருத்தும் ரப்பர் வளையமான கிராமெட்டும் போதும். கனெக்டரோடு நுழைக்க வேண்டுமென்றால் துளை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகும். அந்த வழியாகத் தண்ணீரும் புழுதியும் எஞ்சின் சூடும் உள்ளே வரும். வெறும் கேபிளை இழுத்துக்கொண்டு, ரேடியோ பக்கத்துக் கனெக்டரைக் கடைசியில் பொருத்துவதே சரியான முறை. கூரையில் துளையிட்டு மாட்டும் ஆன்டெனா மவுண்ட்கள் பலவற்றின் கேபிள், ரேடியோ முனையில் கனெக்டர் இல்லாமலே வருவதும் இதற்காகத்தான்.

இன்னொரு காரணம் பாதையிலேயே இருக்கிறது. ஒரு கிளை ஆன்டெனாவைப் பிடித்து இழுத்தால் முதலில் பிய்வது கனெக்டரின் பின்பக்கம். அதை அங்கேயே சரிசெய்யத் தெரிந்தவருக்கு மட்டுமே ரேடியோ மறுபடி பேசும்.

கேபிளுக்குள் நடப்பது

ஆன்டெனாவுக்குப் போடும் கோஆக்சியல் கேபிளைக் குறுக்கே வெட்டினால் நான்கு அடுக்குகள் தெரியும். நடுவில் செம்புக் கம்பி. அதைச் சுற்றி பாலிஎத்திலீன் இன்சுலேஷன். அதன்மேல் மெல்லிய செம்பு இழைகளால் நெய்த வலை. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. வலையை ஷீல்டு என்பார்கள். இங்கே அதைப் பின்னல் என்றே அழைப்போம்.

நடுக்கம்பிதான் சிக்னலைக் கொண்டுபோகிறது, பின்னல் வெறும் எர்த் என்பது புதிதாக வருபவர்கள் பலரின் எண்ணம். அது தவறு. நடுக்கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறதோ, அதே அளவு எதிர்த்திசையில் பின்னலின் உட்பரப்பில் ஓடுகிறது. இரண்டும் சமமாக இருப்பதால்தான் ரேடியோ அலை கேபிளுக்குள்ளேயே அடங்கி ஆன்டெனா வரை போய்ச் சேர்கிறது. கனெக்டரில் பின்னலின் தொடர்பு தளர்ந்துவிட்டால் அந்த மின்னோட்டம் வேறு வழி தேடும். பின்னலின் வெளிப்பரப்பு, ரேடியோவின் உலோக உடல், மைக் வயர், வண்டியின் மற்ற வயர்கள் என்று எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் போகும். கேபிளே ஆன்டெனாவாக மாறிவிடும். பேசும் பொத்தானை அழுத்தும்போது டாஷ்போர்டு விளக்குகள் மினுக்குவதும், கேபிளைக் கையால் பிடித்தவுடன் மீட்டர் அளவு மாறுவதும் இதன் அறிகுறிகள். கேட்கும்போதும் இதே கதைதான்: இக்னிஷனின் படபடப்பும் ஆல்டர்னேட்டரின் ரீங்காரமும் அந்தத் தளர்ந்த இடத்தின் வழியே ரேடியோவுக்குள் நுழைகின்றன.

அதனால் கனெக்டர் வேலையில் உங்கள் கவனத்தின் முக்கால் பங்கு பின்னலுக்குப் போகட்டும். நான்கைந்து இழைகள் எங்கோ ஒரு பக்கம் தொட்டுக்கொண்டிருந்தால் மல்டிமீட்டர் ‘பீப்’ என்று ஒலிக்கும். ஆனால் அது இணைப்பு ஆகாது. பின்னல் கனெக்டரின் உடலைச் சுற்றிலும், முழு வட்டமாக, அழுத்தமாகத் தொட வேண்டும்.

கேபிளின் மேல் 50 ஓம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மல்டிமீட்டரில் அளக்கக்கூடிய மின்தடை அல்ல அது. நடுக்கம்பியின் விட்டம், பின்னலின் விட்டம், இடையிலுள்ள பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் பண்பு. கேபிள் கதவிடுக்கில் நசுங்கினாலோ, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் சூட்டில் இன்சுலேஷன் உருகி நடுக்கம்பி ஒரு பக்கம் நகர்ந்தாலோ, அந்த இடத்தில் 50 ஓம் என்பது மாறிவிடும். ஓடிவரும் வாய்க்கால் நீர் குறுகலான மதகில் முட்டித் திரும்புவதுபோல அலையில் ஒரு பகுதி அங்கிருந்து ரேடியோவுக்கே திரும்பும்.

எந்தக் கேபிள்

வண்டியில் அதிகம் பயன்படுவது ஆர்.ஜி-58. வெளிவிட்டம் 5 மி.மீ. இதிலேயே நடுக்கம்பி ஒற்றைக் கம்பியாக உள்ள வகையும், பல இழைகளை முறுக்கிய வகையும் உண்டு. வண்டிக்கு இழைக் கம்பியே வேண்டும். ஓயாத அதிர்விலும் வளைவிலும் ஒற்றைக் கம்பி சோர்ந்து முறியும். ஆர்.ஜி-58சி என்று அச்சிட்டிருந்தால் உள்ளே ஈயம் பூசிய 19 இழைகள் இருக்கும். சால்டர் நன்றாகப் பிடிக்கும். ஆர்.ஜி-8எக்ஸ் சற்றுத் தடிமன், 6.1 மி.மீ. இழப்பு குறைவு. ஆனால் அதன் இன்சுலேஷன் நுரைபோன்ற பாலிஎத்திலீன். சூடு பட்டால் சட்டென்று இளகும். எல்.எம்.ஆர்-240 அதே தடிமனில் இன்னும் குறைந்த இழப்பு தரும். ஆனால் அதன் சாதாரண வகையில் நடுவே இருப்பது ஒற்றைக் கம்பி. ஓரிடத்தில் நிலையாகப் படிந்திருக்கும் கேபிளுக்கு அது பொருந்தும். பின்கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளையும் கேபிளுக்கு அதன் நெகிழ்வு வகையைத்தான் வாங்க வேண்டும்.

இழப்பு எவ்வளவு முக்கியம் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஆர்.ஜி-58 கேபிள் 5 மீட்டர் நீளத்தில் 27 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.4 டெசிபெல் (சக்தி இழப்பைச் சொல்லும் அலகு) மட்டுமே இழக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. 145 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1 டெசிபெல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு சக்தி. 465 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் சுமார் 2 டெசிபெல். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கேபிளைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அந்த அதிர்வெண்ணில் எல்.எம்.ஆர்-240 போட்டால் இழப்பு 1 டெசிபெலுக்குள் அடங்கும். எனவே 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு விலை உயர்ந்த கேபிள் தேடி அலைய வேண்டாம். 400க்கு மேல் என்றால் தேடுங்கள்.

டி.வி. கேபிள் பார்க்க இதேபோல் இருக்கும். அது 75 ஓம். இரட்டை ஆன்டெனாவுக்கென்று விற்கும் இணைப்பு வயர்களில் வேண்டுமென்றே 75 ஓம் கேபிள் வைத்திருப்பார்கள். அங்கே தவிர மற்ற இடங்களில் 75 ஓம் கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். உறைமேல் அச்சிட்டிருப்பதை வாசித்துவிட்டே வெட்டுங்கள்.

கேபிள் 18 அடி நீளம் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆன்டெனாவும் கேபிளும் ரேடியோவும் 50 ஓம் என்று ஒத்துப்போனால் நீளம் எதுவானாலும் சரி. தேவைக்கு மேல் அரை மீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அரை மீட்டர், கனெக்டரை இரண்டு மூன்று முறை வெட்டி மறுபடி போட உதவும்.

எந்தக் கனெக்டர்

வண்டி ரேடியோக்கள் பலவற்றின் முதுகில் எஸ்.ஓ-239 சாக்கெட் இருக்கும். அதற்கு இணை பி.எல்-259. உறுதியானது, பெரியது, புதியவர் கைக்கு அடங்கும். 150 மெகாஹெர்ட்ஸ் வரை எந்தக் குறையும் தெரியாது. அதற்கு மேலே போகப் போக அதன் உள்ளமைப்பு 50 ஓமிலிருந்து விலகுகிறது. அதைவிடப் பெரிய குறை, அது நீர் புகாத கனெக்டர் அல்ல என்பது. ‘N’ வகைக் கனெக்டரில் ரப்பர் வளையம் உள்ளே இருக்கிறது, 50 ஓமும் குலையாது. 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெளியில் இருக்கும் இணைப்புக்கு அதுவே மேல். பி.என்.சி. கழற்றி மாட்ட எளிது. ஆனால் அதிர்வில் ஆடும். அதன் மரையுள்ள உடன்பிறப்பான டி.என்.சி. வண்டிக்குப் பொருத்தம். எஸ்.எம்.ஏ. கையடக்க ரேடியோவுக்கானது, கனமான கேபிளின் இழுப்பை அது தாங்காது.

பி.எல்-259 வாங்கும்போது நடுவிலுள்ள இன்சுலேட்டரின் நிறத்தைப் பாருங்கள். வெண்மையாக, மெழுகுபோல் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் டெஃப்லான். சால்டர் சூட்டைத் தாங்கும். மலிவுக் கனெக்டர்களில் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் உருகி, நடுவிலுள்ள ஊசி (பின்) கோணலாகிவிடும். இந்த ஒரு பொருளில் சிக்கனம் வேண்டாம்.

சால்டரா, கிரிம்ப்பா

கிரிம்ப் என்றால் உலோகக் குழலைக் கருவியால் அழுத்தி இறுக்குவது. இரண்டிலும் நல்ல இணைப்பு செய்யலாம். ஆனால் அதிரும் வண்டிக்கு நாங்கள் பரிந்துரைப்பது கலப்பு முறை: பின்னலுக்கு கிரிம்ப், நடுக்கம்பியின் நுனிக்கு சால்டர். சால்டர் உருகும்போது இழைகளுக்குள் ஊறிப் போகிறது. ஊறிய இடம் வரை கம்பி ஒரே கட்டியாக விறைத்துவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் கோட்டில்தான் ஒவ்வொரு குலுக்கலும் வந்து விழுகிறது. மாதக்கணக்கில் அந்தக் கோட்டில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கிரிம்ப்பில் பின்னல் தன் நெகிழ்வை இழப்பதில்லை. இன்சுலேஷன் உருகும் பயமும் இல்லை.

கிரிம்ப் செய்ய அறுகோண வாயுள்ள, பற்சக்கரம் முழுதாக அழுத்திய பிறகே திறக்கும் கருவி வேண்டும். ஆர்.ஜி-58க்கான குழல்களுக்குப் பொதுவாக 5.4 மி.மீ. வாய், ஆர்.ஜி-8எக்ஸ், எல்.எம்.ஆர்-240 ஆகியவற்றுக்கு 6.5 மி.மீ. வாய். சாதாரணக் குறடால் நசுக்கினால் குழல் தட்டையாகும். இரண்டு பக்கம் மட்டுமே அழுந்தி, மற்ற பக்கங்களில் பின்னல் தொளதொளவென்று கிடக்கும். அன்றைக்கு வேலை செய்யும். முதல் கரடுமுரடான பாதையில் கைவிடும்.

கிரிம்ப் முறையில் பொருத்துதல்

நுனியைச் சாய்வில்லாமல் நேராக வெட்டுங்கள். பிறகு எதையும் உரிக்கும் முன்பே கேபிளில் கோக்க வேண்டியவற்றைக் கோத்துவிடுங்கள்: முதலில் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், அடுத்து கனெக்டரைச் சாக்கெட்டில் திருகி இறுக்கும் வளையம் தனியாக வந்திருந்தால் அது, கடைசியாகக் கிரிம்ப் குழல். வளையத்தின் மரை நுனியைப் பார்த்து இருக்கட்டும். வேலை எல்லாம் முடிந்து நிமிரும்போது வளையம் மேசையில் கிடப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழைய தவறு. அப்படியானால் மொத்தத்தையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

உரிக்க வேண்டிய அளவு கனெக்டருக்குக் கனெக்டர் மாறும். பொட்டலத்தில் அளவுப்படம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் கனெக்டரைக் கேபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்சுலேஷன் பின்புறக் குழாய் வழியாக உள்ளே போய், பின் தொடங்கும் இடத்தில் முட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து நடுக்கம்பி பின்னின் வழியே சென்று நுனியைத் தாண்டி 1 அல்லது 2 மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும். பின்னல், கனெக்டரின் சொரசொரப்பான பின்குழாயை முழுதாக மூடும் நீளம் இருக்க வேண்டும்.

கறுப்பு உறையை பிளேடால் ஆழமாக அறுக்காதீர்கள். பாதி ஆழம் மட்டும் சுற்றிலும் கீறி, அந்த இடத்தில் கேபிளை மெல்ல வளைத்தால் உறை தானே பிளக்கும். பிளேடு பின்னலைத் தொடவே வேண்டாம். கீறல் பட்ட இழை இன்று அறாவிட்டாலும் அதிர்வில் அறும். பின்னலைக் குடைபோல விரித்துப் பின்னால் தள்ளிக்கொண்டு, இன்சுலேஷனையும் இதேபோல் கீறித் திருகி உருவுங்கள். நடுக்கம்பியில் பிளேடு தழும்பு இருந்தால் இரக்கம் காட்டாமல் வெட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள். சில கேபிள்களில் பின்னலுக்கு அடியில் இன்சுலேஷனோடு ஒட்டிய அலுமினியத் தாள் இருக்கும். இன்சுலேஷன் முடியும் இடத்திலேயே அதுவும் முடிய வேண்டும். ஒரு துணுக்கு நீண்டு நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும்.

நடுக்கம்பி இழைகளை அவற்றின் இயல்பான முறுக்குத் திசையிலேயே திருகி, நுனியில் மட்டும் மிக மெல்லியதாக ஈயம் பூசுங்கள். கனத்துப் போனால் பின்னுக்குள் நுழையாது. இப்போது கேபிளைக் கனெக்டருக்குள் தள்ளுங்கள். இன்சுலேஷன் பின்குழாயின் உள்ளே போக, பின்னல் அதன் வெளியே படிய வேண்டும். ஒரே ஒரு இழைகூட உள்பக்கம் தங்கக் கூடாது. வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து உறுதிசெய்த பிறகு, பின்னலைச் சமமாகப் பரப்பி, கிரிம்ப் குழலை அதன்மேல் ஏற்றிக் கனெக்டரின் உடலோடு ஒட்ட வைத்து, கருவியால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். குழலின் பின் ஓரத்தில் ஒரு மி.மீ. அளவு அழுத்தாமல் விட்டால் அங்கே மணியின் வாய்போல மெல்ல விரிந்த விளிம்பு கிடைக்கும். கேபிள் வளையும்போது கூரிய ஓரம் அதை வெட்டாது.

இனி பின்னின் நுனி. நல்ல முனையுள்ள சால்டரிங் அயர்னைப் பின்னின் பக்கத்தில் வைத்து, நுனித் துளையில் ஈயத்தை ஊட்டுங்கள். மூன்று நான்கு விநாடி போதும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒட்ட வெட்டி, ஈயம் குமிழாக நின்றால் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். தடித்த குமிழோடு செருகினால் ரேடியோ சாக்கெட்டின் உள்ளே இருக்கும் வில் விரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த நல்ல கனெக்டரைப் போட்டாலும் தளர்வாகவே இருக்கும்.

கடைசியாக, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க். மூன்றுக்கு ஒன்று சுருங்கும் வகை வேண்டும், 12 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. வரை சுருங்குவது ஆர்.ஜி-58க்குப் பொருந்தும். 4 அல்லது 5 செ.மீ. நீளத்துக்குக் கிரிம்ப் குழலையும் கேபிளையும் சேர்த்து மூடுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது. இது நீரைத் தடுப்பதோடு வளைவையும் ஒரே புள்ளியில் விழாமல் பரப்பிவிடும்.

சால்டர் மட்டுமே வழி என்றால்

கிரிம்ப் கருவி இல்லாதவர்கள் பழைய வகை பி.எல்-259 கனெக்டரையும் மெல்லிய கேபிளுக்கு ஏற்றபடி அதற்குள் திருகும் சிறு குழலான ரெடியூசரையும் பயன்படுத்தலாம். ஆர்.ஜி-58க்கு யு.ஜி-175, ஆர்.ஜி-8எக்ஸுக்கு யு.ஜி-176. மாற்றி வாங்கினால் ஒன்று நுழையாது, அல்லது தொளதொளக்கும்.

வளையத்தையும் ரெடியூசரையும் கோத்த பிறகு உறையை 19 மி.மீ. உரியுங்கள். பின்னலை விரித்து ரெடியூசரின் முன்பகுதிமேல் மடித்து, 10 மி.மீ. நீளத்துக்கு வெட்டிச் சமப்படுத்துங்கள். அதன் மரை மீது இழைகள் ஏறக் கூடாது. நடுக்கம்பியை 16 மி.மீ. வெளிப்படுத்தி மெல்ல ஈயம் பூசி, கனெக்டரை ரெடியூசர்மேல் திருகுங்கள். உடலில் இருக்கும் துளைகள் வழியே பின்னல் தெரியும். அங்கேதான் சால்டர் செய்ய வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில். 25 வாட் அயர்னால் அந்தப் பித்தளைக் கட்டியைச் சூடாக்க முடியாது. சூடேற ஏற உலோகம் அதைப் பரப்பிவிடும். நிமிடக்கணக்கில் வைத்துக்கொண்டே இருந்தால் ஈயம் உருகுவதற்குள் இன்சுலேஷன் உருகிவிடும். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகுகிறது. பாலிஎத்திலீனுக்கோ 110 டிகிரி பக்கமே ஆபத்து. ஆகவே அதிகச் சூட்டைக் குறைந்த நேரத்தில் கொடுப்பதே ஒரே தந்திரம்: 80 முதல் 100 வாட் அயர்ன், அகலமான தட்டை முனை. நிக்கல் பூச்சு ஈயத்தை லேசில் ஏற்காது. துளைகளைச் சுற்றி அரத்தால் தேய்த்துப் பித்தளையைக் காட்டுங்கள். ரோசின் நடுவுள்ள ஈயமே வேண்டும். குழாய் வேலைக்கான அமிலப் பசை செம்பை அரிக்கும். காற்று வீசும் இடத்தில் அயர்ன் ஆறிவிடும் என்பதால் வண்டியின் மறைவில் செய்யுங்கள். பழைய எஸ்.ஓ-239 சாக்கெட் ஒன்றைக் கனெக்டரில் திருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால், இன்சுலேட்டர் இளகினாலும் பின் நேராகவே நிற்கும். ஈயம் ஆறும்வரை கை ஆடக் கூடாது. மங்கிப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மறுபடி சூடாக்குங்கள்.

சால்டரும் கிரிம்ப்பும் இல்லாமல் வெறுமனே திருகிச் செருகும் கனெக்டர்களும் விற்கின்றன. பாதையில் அவசரத்துக்கு ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வீடு திரும்பியதும் கழற்றிவிடுங்கள்.

சோதனை

முதலில் மல்டிமீட்டர். ரேடியோவும் ஆன்டெனாவும் கழற்றியிருக்க வேண்டும். பல ஆன்டெனாக்களின் அடியில் உள்ள சுருள் நேர் மின்னோட்டத்துக்கு ஷார்ட்போலவே தெரியும். அதை மாட்டிக்கொண்டு அளந்துவிட்டு நல்ல கனெக்டரை வெட்டியவர்கள் பலர். ஒரு முனையின் பின்னுக்கும் மறுமுனையின் பின்னுக்கும் ஏறக்குறைய 0 ஓம், இரு முனைக் கனெக்டர்களின் உடலுக்கும் உடலுக்கும் ஏறக்குறைய 0 ஓம், பின்னுக்கும் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாமை. மூன்றையும் கனெக்டரை ஆட்டிக்கொண்டே பாருங்கள். அசைவில் எண் துள்ளினால் பின்னல் சரியாக அழுந்தவில்லை. கேபிளை உறுதியாக ஒரு இழு இழுத்தும் பாருங்கள். கையின் இழுப்புக்கே நகர்வது வண்டியின் குலுக்கலைத் தாங்காது.

மல்டிமீட்டருக்கு எல்லாம் தெரியாது. நசுங்கல், ஈரம், பாதிப் பின்னல் ஆகியவற்றை அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்தான் காட்டும். ரேடியோவுக்குப் பக்கத்தில் அதை இணைத்து, ஆன்டெனா முனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு (சக்தியை உறிஞ்சும் மின்தடை) மாட்டி, குறைந்த சக்தியில் அளந்தால் 1.1 பக்கம் வர வேண்டும். வந்தால் கேபிளும் கனெக்டர்களும் சரி. இனி ஆன்டெனாவை மாட்டும்போது அளவு ஏறினால் பழுது ஆன்டெனாவிலோ அதன் மவுண்ட் வண்டியின் உடலைத் தொடும் இடத்திலோதான். பவுடர் பூச்சுள்ள ரேக்கில் மவுண்டைத் திருகினால் பூச்சு மின்தொடர்பைத் தடுக்கும். அந்த இடத்தில் சுரண்டி உலோகத்தைக் காட்டாமல் கனெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆன்டெனாவோடு 1.5 வரை நல்லது. அப்போது திரும்பி வருவது 4 சதவீதம் மட்டுமே. 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 3க்கு மேல் காட்டும்போது பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் அழுத்தாதீர்கள். ரேடியோவின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்தான் அந்தத் திரும்பு சக்தியின் சுமையை ஏற்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: நனைந்து கெட்ட கேபிள், போகும் அலையையும் திரும்பும் அலையையும் விழுங்கிவிடுவதால் மீட்டரில் அழகான எண்ணைக் காட்டும். எண் நன்றாக இருந்தும் யாருக்கும் கேட்கவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

தண்ணீர்

பின்னல் ஒரு விளக்குத் திரிபோல வேலை செய்யும். கனெக்டரின் பின்பக்கம் நுழைந்த ஈரத்தை இழைகளுக்கிடையே உறிஞ்சி மேலும் உள்ளே கொண்டுபோகும். கனெக்டரை வெட்டிப் பார்த்தால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

வெளியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் மூன்று அடுக்காகச் சுற்றுங்கள். முதலில் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. பின்னாளில் கழற்றும்போது மரையில் பிசின் ஒட்டாது. அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். நன்றாக இழுத்து நீட்டியபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரை ஓடுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் அமர்வதால் தண்ணீர் வழிந்து ஓடும். மேலே வெயில் தாங்கும் வினைல் டேப். புளிச்ச காடி வாசம் வரும் சிலிக்கானை இங்கே பூசாதீர்கள்; அதில் கசியும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும்.

கேபிள் வண்டிக்குள் நுழையும் முன் துளையைவிடக் கீழே இறங்கி ஒரு தொங்கல் வளைவு எடுத்து, பிறகு மேலேறி நுழையட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

வண்டிக்குள் கேபிளின் வழி

கனெக்டரிலிருந்து 10 செ.மீ. தள்ளி முதல் கட்டு இருக்கட்டும்; அதற்குள் கேபிள் ஊஞ்சலாடாது. கேபிள் டையை நறுக்கென்று இறுக்கினால் நுரை இன்சுலேஷன் நசுங்கும். கேபிள் நகராத அளவு போதும். நிலையான வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது. திரும்பத் திரும்ப வளையும் இடத்தில் பத்து மடங்கு. பானெட் ஓரத்திலும் கதவு ரப்பரிலும் கேபிள் கடிபடும் இடங்களைக் கதவை மெல்ல மூடிப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளியே போகட்டும். கூடுதல் விளக்கு, எரிபொருள் பம்ப் வயர்களோடு இணையாக ஓடாமல், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

ரேடியோவில் மாட்டும்போது பி.எல்-259 உடலின் பற்கள் சாக்கெட் விளிம்பின் பள்ளங்களில் உட்கார வேண்டும். உடலை இலேசாக ஆட்டியபடியே வளையத்தைத் திருகினால் அவை அமரும்; வளையம் இன்னும் அரைச் சுற்று உள்ளே போவதைக் கை உணரும். அமராமல் இறுக்கினால் அதிர்வில் அவை பின்னர் நழுவி அமர, வளையம் தளரும். இந்தக் கனெக்டரில் பின்னலின் தொடர்பு முழுவதும் அந்த வளையத்தின் இறுக்கத்தில்தான் இருக்கிறது. கையால் இறுக்கிய பிறகு துணி சுற்றிய குறடால் கொஞ்சம் திருகுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் டயர் காற்றைப் பார்க்கும்போதே ரேடியோவின் பின்னால் கைவிட்டு அந்த வளையத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.